முன் வைத்த காலைப் பின் வைக்கலாம்

நோர்வேயில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் ‘குவிக் லுன்ஷ்’ சொக்லேற்றைத் தெரியும். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்ட உறை. இங்கே மலைக்குப் போகிறவர்களின் பையில் இரண்டு தோடம்பழமும் ஒரு குவிக் லுன்ஷும் அநேகமாக இருக்கும். அந்த உறையின் உட்பக்கத்தைப் பார்த்தால், மலையில் நடப்பவர்களுக்கான ஒன்பது விதிகள் அச்சடிக்கப்பட்டிருக்கும். நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது எட்டாவது விதி.

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஓகஸ்ட் மாதக் கடைசியில், பெஸ்ஸெக்கன் மலைமுகட்டின் அடியில் நின்றுகொண்டு நான் அந்தச் சொக்லேற்றைத்தான் சாப்பிட்டேன். உறையை நாலாக மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தேன். பிறகு, என்னோடு வந்த பதினைந்து பேரையும் பார்த்து, “எல்லாருக்கும் ஓகேதானே? ஏறுவமா?” என்று கேட்டேன்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஏறினோம்.

அந்த மௌனத்தைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன். நீங்கள் நோர்வேயில் இல்லாமல் இருக்கலாம். கனடாவில் ரொக்கி மலைக்கோ, ஸ்கொட்லாந்தில் பென் நெவிசுக்கோ, சுவிஸில் ஏதாவது ஒரு கணவாய்க்கோ நண்பர்கள் சேர்ந்து போகிறவர்களாக இருக்கலாம். இடம் எதுவாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

அன்றைக்கு என்ன நடந்தது?

பெஸ்ஸெக்கன் என்பது யோத்துன்ஹைமென் தேசியப் பூங்காவில் இருக்கும் ஒரு ஒடுங்கிய பாறை முகடு. ஒரு பக்கம் கீழே யெண்டெ ஏரி. பனியாற்று வண்டல் கலந்திருப்பதால் அதன் தண்ணீர் பச்சையாக இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 984 மீற்றர் உயரம். மற்றப் பக்கம் பெஸ்வத்ன ஏரி. அது நீலம், 1373 மீற்றர் உயரம். இரண்டு ஏரிகளுக்கும் இடையில் கிட்டத்தட்ட 400 மீற்றர் உயர வித்தியாசம். ஒரே பார்வையில் பச்சையும் நீலமும் மேலும் கீழுமாகத் தெரிவதுதான் அந்த இடத்தின் வடிவு. வழக்கமாக எல்லாரும் யெண்டெஸ்ஹைமில் காரை விட்டுவிட்டு, காலையில் படகில் மேமுருபு என்ற இடத்துக்குப் போய் இறங்குவார்கள். அங்கிருந்து முகட்டின் மேலாக நடந்து காருக்குத் திரும்பி வருவார்கள். ஏறத்தாழ 14 கிலோமீற்றர். ஆறிலிருந்து எட்டு மணித்தியாலம் எடுக்கும்.

நாங்கள் பதினாறு பேர். ஒஸ்லோவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், விடுமுறைக்கு வந்திருந்த என் லண்டன் மச்சாள், ரொறொன்ரோவில் இருக்கும் சித்தியின் மகன். வயது பதினேழிலிருந்து முப்பத்துநாலு வரை. ஏற்கெனவே இரண்டு தடவை போனவன் என்பதால் ஒழுங்குபடுத்தியவன் நான்தான்.

முதல் படகு தவறிவிட்டது. ஒரு காரில் வந்தவர்கள் இடியப்பப் பார்சலை மறந்துவிட்டுத் திரும்பிப் போனதுதான் காரணம். மேமுருபுவில் இறங்கி நடக்கத் தொடங்கும்போது பத்தரை மணி. இரவு மழை பெய்ததில் பாறையெல்லாம் ஈரம். முகட்டுக்குக் கீழே ‘பண்டெ’ என்று ஒரு இடம் இருக்கிறது. இரண்டு ஏரிகளுக்கும் நடுவில் ஒரு நாடாவைப் போலக் கிடக்கும் தரை. நாங்கள் அங்கே போய்ச் சேர இரண்டே கால். நான் போட்டிருந்த கணக்கு பன்னிரண்டரை. முகட்டின் மேல்பாதி முகிலுக்குள் இருந்தது. காற்று காதுக்குள் இரைந்தது. எங்களுக்கு முன்னால் நாயோடு போய்க்கொண்டிருந்த ஒரு நோர்வேப் பெண் கொஞ்ச நேரம் மேலே பார்த்தார். “இன்றைக்கு வேண்டாம்” என்று சிரித்துச் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். வயது போனவர், அதுதான் திரும்புகிறார் என்று நாங்கள் எங்களுக்குள் கதைத்துக்கொண்டோம்.

பிறகுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

முகட்டின் நடுவில், கையும் காலும் வைத்து ஏற வேண்டிய இடத்தில், ரொறொன்ரோத் தம்பி நின்றுவிட்டான். “அண்ணா, கையை விடேலாமல் இருக்கு” என்றான். ஜீன்ஸ் முழுக்க ஈரம். உடம்பு நடுங்கியது. மேலே ஏறவும் ஏலாது, கீழே இறங்கவும் ஏலாது. நாற்பது நிமிடம் பாறையைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு வயதான கணவனும் மனைவியும்தான் உதவினார்கள். அவர் அவனுக்குக் கீழே நின்று ஒவ்வொரு காலாக எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி ஏற்றினார். அந்த அம்மா தன் பையிலிருந்து கம்பளிக் கையுறையும் ஒரு கம்பளி மேற்சட்டையும் எடுத்துக் கொடுத்தார். யெண்டெஸ்ஹைமுக்கு வந்து சேர இரவு ஒன்பதரை. பதினொரு மணித்தியாலம். கடைசி ஒரு மணித்தியாலம் இருட்டில் நடந்தோம். பதினாறு பேருக்கும் சேர்த்து மூன்று தலைவிளக்கு.

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதனாலேயே இதை ஒரு வீரக் கதையாகச் சொல்லித் திரிந்திருக்கலாம். படமும் இருக்கிறது. படத்தில் எல்லாரும் சிரிக்கிறோம்.

ஆனால் அன்றிரவு, வாடகைக்கு எடுத்திருந்த மரவீட்டில் நூடில்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லண்டன் மச்சாள், “உண்மையைச் சொல்லட்டே? எனக்கு அந்தக் கீழ இடத்திலேயே திரும்பிப் போக வேணும் போல இருந்தது” என்றாள். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. பிறகு இன்னொருவன், “எனக்கும்” என்றான். கை உயர்த்தச் சொன்னோம். ஒன்பது கை. என்னுடைய கையையும் உயர்த்தினேன். பத்து.

பதினாறு பேரில் பத்துப் பேருக்கு ஏற விருப்பமில்லை. பதினாறு பேரும் ஏறினோம்.

இது எப்படி நடக்கிறது?

இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஜெரி ஹார்வி என்ற அமெரிக்க முகாமைத்துவப் பேராசிரியர் 1974 இல் எழுதிய ஒரு கட்டுரையில் வருவது. டெக்சாஸில் கோல்மன் என்ற சிறு ஊர். ஜூலை மாதம், தாங்க முடியாத வெயில். அவரும் மனைவியும் மாமா மாமியும் வீட்டில் டொமினோ விளையாடிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள். திடீரென்று மாமனார், “அபிலீனுக்குப் போய்ச் சாப்பிடுவோமா?” என்கிறார். 53 மைல் தூரம். காரில் ஏசி இல்லை. எல்லாரும் சரி என்கிறார்கள். புழுதியும் வேர்வையுமாகப் போய், நல்லாக இல்லாத சாப்பாட்டைச் சாப்பிட்டு, களைத்துப்போய் வீட்டுக்கு வருகிறார்கள். வந்த பிறகுதான் தெரிகிறது, நாலு பேரில் ஒருவருக்கும் போக விருப்பமில்லை என்று. மாமனாரும் மற்றவர்களுக்கு அலுப்பாக இருக்குமோ என்று நினைத்துத்தான் கேட்டிருக்கிறார். இதைத்தான் ‘அபிலீன் முரண்’ என்று சொல்கிறார்கள். கருத்து வேறுபாட்டைக் கையாளத் தெரியாததால் வரும் பிரச்சினை அல்ல இது. எல்லாரும் ஒரே கருத்தில் இருந்தும் அதை ஒருவருக்கொருவர் சொல்லாததால் வருவது.

அபிலீனுக்குப் போனால் நட்டம் ஒரு பின்னேரம். மலையில் நட்டம் வேறு. இயன் மக்கமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து ஆராய்ந்தார். அவரும் பொறியியல் படித்தவர். மனம் எங்கெல்லாம் குறுக்குவழியில் போய் மாட்டிக்கொள்கிறது என்று அவர் ஆறு பொறிகளைக் காட்டினார். பழகிய இடம்தானே என்ற நினைப்பு. எடுத்த முடிவை மாற்றத் தயங்குவது. மற்றவர்கள் முன்னால் நல்ல பெயர் எடுக்கும் ஆசை. விஷயம் தெரிந்த ஒருவர் கூட வருகிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை. இந்த வாய்ப்பு இனிக் கிடைக்காது என்ற அவசரம். வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்ற தைரியம்.

பண்டெயில் நாங்கள் நின்றபோது இந்த ஆறும் அங்கே இருந்தன. நான் இரண்டு தடவை போனவன், அது பழகிய இடம். அதாலேயே நான் ‘தெரிந்தவன்’. ரொறொன்ரோவிலிருந்து வந்தவனுக்கு அடுத்த வருடம் வாய்ப்பு இல்லை. எங்களுக்கு முன்னால் வேறு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பதினேழு வயதுப் பெடியன் ஒருவன், தனக்குப் பயம் என்று மூன்று அக்காமார் முன்னால் சொல்வானா? எல்லாவற்றுக்கும் மேலே, கார் முகட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. முன்னால் போவதே வீட்டுக்குப் போவது போல் இருந்தது. திரும்புவது என்றால் மேமுருபுக்கு நடந்து, படகுக்குக் காத்திருந்து, புதிதாக ரிக்கெற் எடுக்க வேண்டும்.

இதற்கு மேல் என்னுடைய கேள்வியே பிழை. “எல்லாருக்கும் ஓகேதானே?” என்பது கேள்வி மாதிரி இருந்தாலும் அதற்குள்ளேயே பதில் இருக்கிறது. அதற்கு ‘இல்லை’ என்று சொல்ல வேண்டுமென்றால் பதினைந்து பேரின் நாளைக் கெடுக்கும் ஆளாக நீங்கள் மாற வேண்டும். அந்தப் பாரத்தை, குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் வைத்துவிட்டு, அவன் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வேலையில் நான் இப்படிச் செய்வதில்லை. நான் மென்பொருள் ஆலோசகர். ஒரு வங்கியின் அமைப்பில் புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன்னர், எத்தனை மணிக்குள் எது சரிவராவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்புவோம் என்று எழுதி வைப்போம். யார் அந்த முடிவை எடுப்பது என்றும் எழுதி வைப்போம். அதிகாலை மூன்று மணிக்குக் களைத்த மூளையோடு யோசிக்கக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. திரும்பிப் போனால் யாரும் யாரையும் கோழை என்று சொல்வதில்லை. வங்கியின் கணினிக்குக் காட்டிய அந்தக் கவனத்தை என் சித்தியின் மகனுக்கு நான் காட்டவில்லை.

நம் வீட்டில் வேறு பாடம்

இந்த நாட்டுக்காரர்களுக்கும் அந்த எட்டாவது விதி பிறக்கும்போதே தெரிந்ததல்ல. 1868 இல் தொடங்கிய நோர்வே மலைநடைச் சங்கம் 1952 இல்தான் முதன்முதலாக மலை விதிகளை வெளியிட்டது. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் செஞ்சிலுவைச் சங்கமும் மலைநடைச் சங்கமும் சேர்ந்து அந்த விதிகளை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். 2016 இல் அவற்றைத் திருத்தி எழுதியபோதும் ‘வெட்கமில்லை’ என்ற சொல்லை எடுக்கவில்லை. பலத்த காற்றைப் பற்றியும் திசைகாட்டியைப் பற்றியும் சொல்லும் ஒரு பட்டியலில் வெட்கம் என்ற சொல் ஏன் வர வேண்டும்? வெட்கமும் ஆளைக் கொல்லும் என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதால்தான்.

நாங்கள் வளர்ந்த வீடுகளில் கேட்டது என்ன? முன் வைத்த காலைப் பின் வைக்காதே. தொடங்கினால் முடிக்க வேண்டும். புறமுதுகு காட்டுவது கேவலம். கணக்குப் பாடம் கஷ்டம் என்றாலும், மிருதங்க வகுப்பு பிடிக்கவில்லை என்றாலும் இதே பதில்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால் நான் முதுமாணிப் பட்டம் எடுத்திருக்க மாட்டேன். ஆனால் மலைக்கு இது பொருந்தாது. மலைக்கு உங்களுடைய பிடிவாதம் தெரியாது.

பெஸ்ஸெக்கன் கதையை அப்பாவிடம் நான் உடனே சொல்லவில்லை. சில மாதம் கழித்துத்தான் சொன்னேன். அப்பா எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, வடக்கே ஃபின்மார்க்கில் ஒரு மீன் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவர். குளிர், காற்று, இருட்டு மூன்றையும் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். ஆனால் ஒருநாளும் பொழுதுபோக்குக்காக ஒரு மலை ஏறியதில்லை. அவர் ஏசுவார் என்று நினைத்தேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, “ஏன் திரும்பேல்லை?” என்று மட்டும் கேட்டார். “எல்லாரும் போகேக்க நான் எப்பிடி அப்பா…” என்று இழுத்தேன்.

“எங்களுக்குத் திரும்பிப் போக இடம் இருக்கேல்லை. அதாலதான் முன்னுக்கே போனனாங்கள். உங்களுக்குப் பின்னால படகு நிண்டதுதானே?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்களுடைய அம்மா அப்பா திரும்பாமல் வந்ததை நாங்கள் ஒரு குணமாக எடுத்து வைத்திருக்கிறோம். அவர்களுக்கு அது குணமல்ல, வேறு வழி இல்லாத நிலைமை. வழி இருந்தால் அவர்களும் திரும்பியிருப்பார்கள்.

அடுத்த வருடம்

அடுத்த ஓகஸ்டில் மறுபடியும் போனோம். இந்த முறை பதினொரு பேர். பண்டெயில் ஒரு மணிக்குள் இல்லாவிட்டாலோ, பாறை ஈரமாக இருந்து காற்றும் பலமாக இருந்தாலோ ஏறுவதில்லை என்று முதல் நாள் இரவே பேசி எழுதி வைத்தோம். பன்னிரண்டு நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். ஆனால் பாறை ஈரம், காற்றும் கூட. திரும்பினோம்.

அது நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். எங்களைத் தாண்டி ஒரு நோர்வேக் குடும்பம் பத்து வயதுப் பிள்ளையோடு ஏறிப் போனது. எங்களில் ஒரு பெடியன் மேமுருபு வரும்வரை என்னோடு கதைக்கவே இல்லை. அங்கே வாஃபிளும் கோப்பியும் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மூன்றரை மணிக்கு, வானம் வெளித்து வெயில் அடித்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. முகடு முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது.

அப்படியென்றால் நாங்கள் எடுத்தது பிழையான முடிவா? இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஒன்றே கால் மணிக்கு எங்களுக்குத் தெரிந்ததை வைத்து ஒன்றே கால் மணிக்கு எடுத்த முடிவு அது. மூன்றரை மணி வெயிலை வைத்து அதை மதிப்பிட முடியாது. இதே நியாயத்தில், முதல் வருடம் எல்லாரும் உயிரோடு வந்து சேர்ந்தோம் என்பதால் ஏறியது சரியென்றும் ஆகாது. அன்றைக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அதிர்ஷ்டத்தை அனுபவம் என்று எண்ணிக்கொள்வதுதான் அடுத்த தடவை ஆபத்தில் கொண்டுபோய் விடும்.

சிலர் என்னிடம் கேட்டார்கள்: “இப்படி எல்லாத்துக்கும் பயந்தால் அது என்ன சாகசம்? ஏற்கெனவே எங்கட பிள்ளைகளை ‘கவனம், விழுந்திடுவாய்’ என்று சொல்லித்தானே வளர்க்கிறம்?” நியாயமான கேள்வி. அதனால் தெளிவாகச் சொல்கிறேன். நான் குறைவாகப் போகச் சொல்லவில்லை, இன்னும் கூடப் போகச் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்தவர்கள் ஈஸ்டருக்குத் தாத்தாவின் மலைவீட்டுக்குப் போய்ப் பனியில் சறுக்கி விளையாடுவார்கள். எங்கள் வீட்டில் ஈஸ்டர் என்றால் அப்பாவுக்கு இரட்டைச் சம்பளம் கிடைக்கும் வேலை நாள். பருத்தி ஈரமானால் உடம்பைக் குளிர வைக்கும், கம்பளி ஈரமானாலும் சூடு காக்கும் என்பதை எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் யாரோ சொன்னார்கள். எனவே நாங்கள் சேர்ந்து போவது வெறும் பொழுதுபோக்கல்ல. எங்களுக்கு யாரும் கையைப் பிடித்துச் சொல்லித் தராததை ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும் இடம் அது. அதனால்தான் அது ஒழுங்காக நடக்க வேண்டும். முதல் தடவை பயந்து வந்த பிள்ளை இரண்டாம் தடவை வராது. ரொறொன்ரோத் தம்பி அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு மலைக்கும் போகவில்லை. கேட்டால் நேரமில்லை என்கிறான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊருக்கோ சென்னைக்கோ போகும்போது அங்கேயும் மலைநடைக்குப் போகும் ஆசை உங்களில் பலருக்கு உண்டு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்தில் குரங்கணி மலைக்குக் குழுவாகப் போன இளைஞர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் உங்கள் வயது, என் வயது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் இந்தப் பருவத்தில் இந்தப் பாதை திறந்திருக்கிறதா, அனுமதி இருக்கிறதா, நிலைமை மாறினால் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்று கேள்விகளைப் பணம் கட்டுவதற்கு முன்னர் கேட்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. தமிழ்நாடு அரசு 2024 ஒக்ரோபரில் 40 மலைப் பாதைகளை இணையப் பதிவோடும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்தது. காட்டுத்தீக் காலத்தில் அவை மூடப்படுகின்றன. மூடியிருந்தால் சலிக்க வேண்டாம். அதுவும் நேரத்தோடு திரும்புவதுதான்.

நாங்கள் இப்போது செய்வது

எங்கள் குழுவில் இப்போது சில வழக்கங்கள் இருக்கின்றன. உங்களுக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

1. திரும்பும் நேரத்தையும் நிபந்தனையையும் முதல் நாள் இரவே எழுதுவோம். இடம், மணி, காற்று, பாறையின் நிலை. மலையில் நின்று அதைத் தளர்த்த முடியாது, இறுக்க மட்டும் முடியும்.

2. “எல்லாருக்கும் ஓகேயா?” என்ற கேள்விக்குத் தடை. எல்லாரும் கண்ணை மூடி, ஒன்றிலிருந்து ஐந்து வரை விரல் காட்ட வேண்டும். ஐந்து என்றால் நல்ல நிலைமை. ஒருவர் இரண்டோ அதற்குக் குறைவோ காட்டினால் நின்று கதைப்போம். வயதில் குறைந்தவர் முதலில் கதைக்க வேண்டும். ஒழுங்குபடுத்தியவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். அண்ணா சொன்ன பிறகு தம்பி மாறிச் சொல்ல மாட்டான் என்பது நம் எல்லாருக்கும் தெரியும்.

3. திரும்பி வரும் படகுக் காசையும் முதலிலேயே எல்லாரிடமும் சேர்த்து வாங்கி வைப்போம். தேவைப்படாவிட்டால் அதில் பீட்சா சாப்பிடலாம். ரிக்கெற் கையில் இருந்தால் திரும்புவதும் திட்டத்தில் ஒரு பகுதியாகிவிடும்.

4. யாராவது திரும்ப விரும்பினால் அவரோடு திரும்பி வரப் போகிற இரண்டு பேரை வெளிக்கிடும் முன்னரே முடிவு செய்வோம். தனியே ஒருவரையும் அனுப்புவதில்லை. போன வருடம் அந்த இரண்டு பேரில் ஒருவன் நான். குழுவில் நன்றாக நடக்கக்கூடியவர்களே இதற்கு முன்வர வேண்டும். அப்போதுதான் திரும்புகிறவர் தன்னைச் சுமையாக நினைக்க மாட்டார்.

5. மெதுவாக நடப்பவர் முன்னால். பதினாறு பேர் ஆளுக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம் வெவ்வேறு நேரத்தில் நின்றாலே எண்பது நிமிடம் போய்விடும். அதனால் இப்போது பன்னிரண்டு பேருக்கு மேல் ஒரு குழுவாகப் போவதில்லை.

6. பையைத் திறந்து பார்ப்போம். ஆளுக்கு ஒரு தலைவிளக்கு, கம்பளி உள்ளாடை, கையுறை, மழைச்சட்டை. ஜீன்ஸோடு வந்தால் படகில் ஏற்ற மாட்டோம். காசு இல்லையென்றால் வெட்கப்பட வேண்டியதில்லை. நோர்வேயில் ‘பூஆ’ என்ற இரவல் நிலையங்கள் விளையாட்டு, மலைநடைச் சாமான்களை இலவசமாகத் தருகின்றன. உங்கள் நாட்டிலும் விசாரியுங்கள்.

7. எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவோம். அம்மா பயப்படுவா என்று மறைக்க வேண்டாம். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். மலைக்குள் பல இடங்களில் தொலைபேசி வேலை செய்யாது. இங்கே மீட்புக்கு வருகிறவர்களில் பலர் செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள். காப்பாற்றியதற்கு உங்களிடம் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் தேட வேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொன்னால்தானே வருவார்கள்.

இந்த ஏழில் ஒன்றைத்தான் எடுப்பேன் என்றால் இரண்டாவதை எடுங்கள். அதற்குக் காசு தேவையில்லை, சாமானும் தேவையில்லை. கண்ணை மூடி விரல் காட்டும் முறையைத் தொடங்கிய முதல் நாள், எங்களில் மிகவும் பலமானவன் என்று எல்லாரும் நினைத்த ஒருத்தன் ஒரு விரலைக் காட்டினான். இரண்டு நாளாக முழங்கால் வீங்கியிருந்ததாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். ஒருவரும் கேட்கவில்லையே என்றான்.

இந்த ஓகஸ்டிலும் போகிறோம். ரொறொன்ரோத் தம்பிக்கு வட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன். பெஸ்ஸெக்கனுக்கு வா என்று கேட்கவில்லை. யெண்டெ ஏரிக்கரையோடு மேமுருபுவிலிருந்து கீழ்ப்பாதை ஒன்றும் இருக்கிறது. முகடு ஏறத் தேவையில்லை. அதில் நடப்போம், உனக்கு எந்த இடத்தில் போதும் என்று தோன்றுகிறதோ அந்த இடத்தில் திரும்புவோம், உன்னோடு திரும்பி வரும் ஆள் நான்தான் என்று எழுதினேன். அவன் பார்த்துவிட்டான், நீலக் கோடு இரண்டும் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. பேசாமல் இருப்பதை இந்த முறை சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். நாளைக்குக் கோல் எடுத்துக் கேட்கப் போகிறேன்.